நட்சத்திரத்தோடு விடைத்தாளையும் காட்டுங்கள்

247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், ஈஎஸ்பிஎன் நிறுவனங்களில் இருந்துகொண்டு உயர்நிலைப் பள்ளிகளில் அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் ஆடுவது) ஆடுபவர்களுக்கு ஐந்து வரை நட்சத்திரம் வழங்கும் மதிப்பீட்டாளர்களுக்கு,

வணக்கம்.

2025 ஏப்ரலில் கிரீன் பே நகரில் நடந்த என்எஃப்எல் டிராஃப்டில், அதாவது தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் ஆளாகத் தேர்வானவர் கேம் வார்ட். டெக்சாஸ் மாநிலத்தின் வெஸ்ட் கொலம்பியா என்ற சிற்றூரில் பள்ளியை முடித்த குவார்ட்டர்பேக், அதாவது அணியின் தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவர். பள்ளியை முடித்தபோது அவர் பெயருக்கு எதிரே ஒரு நட்சத்திரம்கூட இல்லை. அதே டிராஃப்டின் மூன்றாம் நாள், ஏழாவது சுற்றில், 231-ஆவது ஆளாகத் தேர்வானவர் குவின் யூவர்ஸ். அவரும் டெக்சாஸ்காரர், அவரும் குவார்ட்டர்பேக். டாலஸ் புறநகரான சவுத்லேக்கில் ஆடியவர். 2021-இல் கல்லூரி சேர்ந்தவர்களின் பட்டியலில், பல நிறுவனங்களின் மதிப்பீடுகளைச் சேர்த்த 247ஸ்போர்ட்ஸ் கூட்டு மதிப்பெண் அவருக்கு 1.0000 கொடுத்தது. அதற்கு மேல் அந்த அளவுகோலில் எண் கிடையாது.

உங்களைக் குத்திக்காட்டுவதற்காக இந்த இரண்டு பெயர்களையும் எடுக்கவில்லை. யூவர்ஸ் தோற்றுப்போன ஆட்டக்காரர் அல்லர். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தை அடுத்தடுத்து இரண்டு பருவங்கள் தேசிய பிளேஆஃப் அரையிறுதிக்குக் கொண்டுபோனவர். கல்லூரி ஆட்டத்துக்கென்று பார்த்தால் உங்கள் கணிப்பில் பெரும்பகுதி பலித்துவிட்டது. வார்டின் பள்ளியோ பெரும்பாலும் பந்தை ஏந்தி ஓடும் பழைய பாணி ஆட்டத்தை ஆடியது. எறிவதற்கே வாய்ப்புக் குறைந்த குவார்ட்டர்பேக்கின் வீடியோவில் கையின் வலிமையைத் தேடிப் பிடிப்பது எளிதல்ல. ஒரு பயிற்சி முகாமில் அவரை நேரில் பார்த்த இன்கார்னேட் வேர்ட் என்ற சிறிய பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர்கள் சேர்த்துக்கொண்டார்கள். அங்கிருந்து வாஷிங்டன் ஸ்டேட், பிறகு மயாமி, பிறகு என்எஃப்எல் அணியான டென்னசி டைட்டன்ஸ்.

நான் கேட்க வந்தது வேறு. யூவர்ஸிடம் என்ன கண்டு முழு மதிப்பெண் போட்டீர்கள்? யார் போய்ப் பார்த்தது? எத்தனை ஆட்டங்களை? வார்டைப் பார்த்து ஒதுக்கினீர்களா, பார்க்கவே இல்லையா? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினால் எண் மட்டுமே கிடைக்கிறது. எண் வந்த வழி கிடைப்பதில்லை.

நான் டெக்சாஸில் ஓர் அரசுப் பள்ளியில் கணிதம் கற்பிக்கும் தமிழ்ப் பெண். வெள்ளிக்கிழமை மாலைகளில் மைதானத்தின் இரும்புப் படிக்கட்டில் உட்கார்ந்து என் மாணவர்கள் ஆடுவதைப் பார்ப்பேன். இதே மடலை ஆங்கிலத்தில் உங்கள் அலுவலகங்களுக்கு அனுப்பிவிட்டேன். தமிழில் பொதுவில் வைப்பதற்கும் காரணம் உண்டு. டாலஸ், ஹூஸ்டன் புறநகர்களில் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் சிலரும் இப்போது தோள்கவசம் மாட்டத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர் உங்கள் பக்கங்களைத் திறந்து அந்த எண்களைப் பிளஸ் டூ கட்-ஆஃப் போலப் படிக்கிறார்கள். "மிஸ், இந்த 0.85 என்றால் எந்தக் கல்லூரி கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள். பிளஸ் டூ மதிப்பெண்ணில் சந்தேகம் வந்தால் தமிழ்நாட்டில் விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம், மறுகூட்டல் கேட்கலாம், மறுமதிப்பீடு கேட்கலாம். உங்கள் நட்சத்திரத்துக்கு விடைத்தாள் இல்லை. என் குறை இந்த ஒன்றுதான். மீதி எல்லாம் இதன் விளக்கம்.

உங்கள் தொழிலின் மீது எனக்கு மதிப்பு உண்டு. இணையம் வருவதற்கு முன் இதைச் செய்தவர்கள் பட்ட பாடு சாதாரணமானதல்ல. சிகாகோவைச் சேர்ந்த டாம் லெம்மிங் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே 1970-களின் கடைசியில் இதில் இறங்கினார். காரை எடுத்துக்கொண்டு மாநிலம் மாநிலமாகப் போய்ப் பள்ளி ஆட்டக்காரர்களை நேரில் சந்தித்து எழுதினார். ஆலன் வாலஸின் சூப்பர்பிரெப் இதழ் 1980-களில் வந்தது. ரசிகர்கள் நிமிடத்துக்குக் காசு கொடுத்து 900 தொலைபேசி எண்களை அழைத்து எந்தப் பையன் எந்தக் கல்லூரிக்குச் சாய்கிறான் என்று கேட்ட காலம் அது. 1998-இல் ரைவல்ஸ் தொடங்கியது. 2001-இல் பணம் தீர்ந்து மூடும் நிலைக்கு வந்து, ஷானன் டெர்ரியின் கையில் மறுபடி எழுந்து, 2007-இல் யாகூவுக்கு விற்கப்பட்டது. அதே டெர்ரி 2010-இல் 247ஸ்போர்ட்ஸைத் தொடங்கினார், 2015-இல் அது சிபிஎஸ் கைக்குப் போனது. 2021-இல் ஆன்3 என்ற இன்னொரு தளத்தைத் தொடங்கினார். 2025-இல் ஆன்3 ரைவல்ஸையே வாங்கிவிட்டது. இடையில் ஸ்கவுட் என்ற போட்டித் தளம் 247-க்குள் கரைந்தது. கை மாறிக் கை மாறி வந்த இந்தத் தொழில், 2002 தொடங்கி ஒவ்வொரு ஆண்டுச் சேர்க்கைக்கும் தேடிப் பார்க்கக்கூடிய பட்டியலை விட்டுவைத்திருக்கிறது. விளையாட்டு உலகில் இவ்வளவு பெரிய கணிப்புத் தொகுப்பு அரிது.

அதன் மதிப்பு 2021 ஆகஸ்டில் நன்றாகத் தெரிந்தது. பிஷப் சைக்கமோர் என்று ஒரு பள்ளி, தன் அணியில் பெரிய கல்லூரிகள் தேடும் ஆட்டக்காரர்கள் பலர் இருப்பதாகச் சொல்லி, பலம் வாய்ந்த பள்ளி அணியான ஐஎம்ஜி அகாடமியோடு ஆட ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சியில் இடம் பிடித்துவிட்டது. 58-0 என்று முடிந்த அந்த ஆட்டத்தின் நடுவிலேயே, அந்தப் பையன்கள் பற்றிச் சொல்லப்பட்டதை எங்களால் சரிபார்க்க முடியவில்லை என்று வர்ணனையாளர்களே நேரலையில் சொன்னார்கள். பட்டியல்களில் அந்தப் பெயர்கள் இல்லை. பிறகு விசாரித்தால் பள்ளி என்று சொல்லத்தக்க எதுவுமே அங்கே இல்லை. சரிபார்க்க ஒரு பதிவேடு இருந்ததால்தான் பொய் வெளுத்தது.

ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் உங்கள் கணிப்புச் சரி. கடைசி நான்கு ஆண்டுச் சேர்க்கையில் நான்கு, ஐந்து நட்சத்திரக்காரர்கள் பாதிக்கு மேல் இருக்கும் அணிகளே தேசியப் பட்டம் வெல்கின்றன என்று பட் எலியட் என்ற விளையாட்டுச் செய்தியாளர் கணக்கிட்டுக் காட்டினார். பல ஆண்டுகள் அது பொய்க்கவில்லை. அலபாமா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராக நிக் சேபன் ஆறு பட்டங்கள் வென்றார் என்றால், அவருடைய சேர்க்கைப் பட்டியல்கள் ஆண்டு தவறாமல் உச்சியில் இருந்ததும் அதற்கு ஒரு காரணம். தனி ஆட்டக்காரர்களிலும் உங்கள் வெற்றிகள் பெரியவை. 2002-இல் ரைவல்ஸ் முதலிடம் கொடுத்த வின்ஸ் யங், 2006 ஜனவரியில் ரோஸ் பவுல் என்ற தேசியப் பட்ட ஆட்டத்தில் டெக்சாஸுக்காக ஆடி, யுஎஸ்சி (தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம்) அணிக்கு எதிராக எறிந்து 267 கெஜமும் ஓடி 200 கெஜமும் எடுத்து, 19 விநாடிகள் மிச்சமிருக்கும்போது வெற்றிக் கோட்டைத் தொட்டார். ஆட்டம் 41-38. பதினெட்டு வயதில் அவரைப் பார்த்து "இவன்தான்" என்று சொன்னவர்களுக்குக் கண் இருந்தது.

இங்கே என் வகுப்பில் அடிக்கடி வரும் ஒரு தவறான வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். என்எஃப்எல் இறுதியாட்டமான சூப்பர் பவுலுக்கு முந்தைய வாரம் ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒரு மாணவன் வந்து, "களத்தில் இறங்குகிறவர்களில் மூன்று நட்சத்திரக்காரர்கள்தான் அதிகம், அப்படியென்றால் நட்சத்திரம் வெறும் கதைதானே?" என்பான். நான் கரும்பலகையில் சும்மா இரண்டு எண்களை எழுதுவேன். முப்பது பேரில் பதினைந்து பேர் தேறினால் பாதி. இரண்டாயிரம் பேரில் நூறு பேர் தேறினால் இருபதில் ஒருவர். தலைகளை எண்ணினால் இரண்டாவது கூட்டம் பெரியது, வாய்ப்பைக் கணக்கிட்டால் முதல் கூட்டம் பத்து மடங்கு மேலே. எண்கள் நான் வைத்தவை, ஆனால் உங்கள் உலகத்தின் அமைப்பு இதுதான். ஐந்து நட்சத்திரம் பெறுபவர்கள் ஆண்டுக்கு முப்பதை ஒட்டி. மூன்று நட்சத்திரம் பெறுபவர்கள் ஆயிரக்கணக்கில். நாடு முழுவதும் பள்ளிக் கால்பந்து ஆடுபவர்கள் ஏறக்குறைய பத்து லட்சம். ஆகவே பள்ளியில் உங்கள் கண்ணில் படாமல் பிறகு என்எஃப்எல்லில் பெயர் பெற்ற ஜே. ஜே. வாட்டையும் ஜோஷ் ஆலனையும் காட்டி உங்கள் தொழிலே பொய் என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன்.

கூட்டத்துக்குச் சரியாக இருப்பது தனி ஆளுக்கு எவ்வளவு தளர்வானது என்பதை நீங்கள் சொல்வதில்லை. அங்கேதான் உங்களோடு எனக்கு வழக்கு.

கூட்டு மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பல நிறுவனங்களின் மதிப்பீடுகளைச் சேர்த்துப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் வரை எழுதுகிறீர்கள். நான்காவது இலக்கம் என்பது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பதினாறு வயதுப் பையன் ஒருவன் இன்னொரு பையனைவிடப் பத்தாயிரத்தில் மூன்று பங்கு சிறந்தவன் என்று அளக்கும் கருவி இந்த உலகில் இல்லை. ஆனால் அந்த மூன்று பங்கு, வரிசையில் ஒருவனை மேலேயும் இன்னொருவனைப் பல இடங்கள் கீழேயும் நிறுத்துகிறது. சேர்த்துச் சராசரி எடுத்தால் பிழை குறையும் என்பது கணக்குத்தான், ஆனால் அதற்கு மதிப்பீடுகள் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும். நீங்கள் எல்லோரும் அதே முகாம்களுக்குப் போகிறீர்கள், ஹட்ல் தளத்தில் ஏற்றப்படும் அதே ஆட்ட வீடியோவைப் பார்க்கிறீர்கள், ஒருவர் பட்டியலை மற்றவர் படிக்கிறீர்கள். ஒரே பிழையை நான்கு பேர் செய்தால் சராசரியிலும் அது அப்படியே இருக்கும்.

அளவீடு எவ்வளவு வழுக்கும் என்பதை ஒரு கோடை முகாமில் கையாலேயே உணர்ந்தேன். நாற்பது கெஜ ஓட்டத்துக்கு நேரம் பார்க்க ஆசிரியர்கள் சிலரைக் கூப்பிட்டார்கள். ஓட்டக்காரன் கையைத் தரையிலிருந்து எடுப்பதைக் கண் பார்த்து, மூளைக்குச் சொல்லி, கட்டைவிரல் பொத்தானை அமுக்குவதற்குள் அவன் ஓர் அடி போய்விடுகிறான். முடிவுக் கோட்டில் அப்படியில்லை, அவன் வருவதைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் விரல் முன்கூட்டியே இறங்கிவிடுகிறது. இரண்டு பக்கமும் நேரம் குறைகிறது. பக்கத்தில் நின்ற ஆசிரியரின் கடிகாரமும் என் கடிகாரமும் ஒரே ஓட்டத்துக்கு வேறு வேறு எண் காட்டின. தடகளத்தில் குறுகிய ஓட்டங்களுக்குக் கைக்கடிகார நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 விநாடி கூட்டுவார்கள். கால்பந்தில் 4.5-க்கும் 4.74-க்கும் நடுவே பெரிய கல்லூரியும் சிறிய கல்லூரியும் பிரிந்துபோகின்றன. உயரமும் அப்படித்தான். பள்ளி அச்சிடும் அணிப் பட்டியலில் இருக்கும் உயரம் வேறு, காலணியைக் கழற்றிச் சுவரோடு நிறுத்தினால் வரும் உயரம் வேறு. ஒரு பையனின் பக்கத்தில் உயரம் என்று நீங்கள் போட்டிருப்பது நீங்கள் அளந்ததா, பள்ளி சொன்னதா? பக்கத்தைப் பார்க்கும் பெற்றோர் எல்லாவற்றையும் அளந்ததாகவே நினைக்கிறார்கள்.

எடையும் வளர்ச்சியும் இன்னும் சிக்கல். குவார்ட்டர்பேக்கின் முன் நின்று காப்பாற்றும் தாக்குதல் வரிசை ஆட்டக்காரர்களைப் பள்ளிப் பருவத்தில் கணிப்பது கடினம் என்று நீங்களே சொல்வீர்கள். மிச்சிகனின் எரிக் ஃபிஷர் இரண்டு நட்சத்திரக்காரர். ஒல்லியாக, உயரமாக சென்ட்ரல் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2013 டிராஃப்டில் 300 பவுண்டைத் தாண்டிய உடம்போடு முதல் ஆளாகத் தேர்வானார். அவருக்கு முன்பு அதே கல்லூரியில் பந்து பிடிக்கும் டைட் எண்டாகச் சேர்ந்தவர் ஜே. ஜே. வாட், அவரும் இரண்டு நட்சத்திரம்தான். விலகி, பீட்சா கொண்டுகொடுக்கும் வேலை பார்த்து, உதவித்தொகை இல்லாமலே விஸ்கான்சினில் சேர்ந்து, தடுப்பாட்டத்துக்கு மாறினார். என்எஃப்எல்லின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை மூன்று முறை வென்றார். இருவரையும் தவறவிட்டதற்காக யாரையும் குறைசொல்ல முடியாது. பதினேழு வயதில் அந்த உடம்புகள் இன்னும் வந்து சேரவில்லை. நீங்கள் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: "இந்த நிலையில் ஆடுபவர்களைப் பற்றி எங்கள் கணிப்புத் தளர்வானது, எவ்வளவு தளர்வானது என்பது இது." வானிலை ஆய்வாளர் மழைக்கு வாய்ப்பு எழுபது சதவீதம் என்கிறார். நீங்கள் மட்டும் 0.8612 என்கிறீர்கள்.

போகாத ஊரையும் பேச வேண்டும். கலிபோர்னியாவின் ஃபயர்பா என்ற விவசாய ஊரில் வளர்ந்த ஜோஷ் ஆலனுக்குப் பெரிய கல்லூரி எதுவும் இடம் தரவில்லை. ரீட்லி என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் ஆடிக்கொண்டே நாடெங்கும் உள்ள பயிற்சியாளர்களுக்கு மின்னஞ்சல் எழுதி, கடைசியில் வயோமிங் போய்ச் சேர்ந்தார். 2018-இல் ஏழாவது ஆளாகத் தேர்வானார். உங்கள் முகாம்கள் டாலஸிலும் அட்லாண்டாவிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் நடக்கின்றன. ஃபயர்பாவிலிருந்து ஒரு பையன் வந்து போகப் பணமும் காரும் ஓட்டிக்கொண்டு வர ஓர் ஆளும் வேண்டும். டாம் லெம்மிங் காரை எடுத்துக்கொண்டு போனது இதற்காகத்தான். இன்று வீடியோ எல்லா இடத்திலிருந்தும் வருகிறது, கண் மட்டும் எல்லா இடத்துக்கும் போவதில்லை. அதில் தவறில்லை, ஆட்கள் குறைவு. ஆனால் "நேரில் பார்த்தோம்", "வீடியோ மட்டும் பார்த்தோம்", "பார்க்கவில்லை" ஆகிய மூன்றும் உங்கள் பக்கங்களில் ஒரே நிறத்தில் இருக்கின்றன.

ஆஃபர் விஷயத்துக்கு வருகிறேன். இதைப் படிக்கும் தமிழ் வாசகர்களுக்கு: ஆஃபர் என்பது ஒரு கல்லூரி "எங்களிடம் வா, உதவித்தொகை தருகிறோம்" என்று ஆட்டக்காரரிடம் சொல்வது. அலபாமாவோ ஒஹாயோ ஸ்டேட்டோ ஒருவனுக்கு ஆஃபர் கொடுத்த அடுத்த புதுப்பிப்பில் அவன் வரிசை எண் ஏறுகிறது என்று ரசிகர்கள் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறார்கள். அப்படி ஏறுவது தவறு என்று நான் சொல்லமாட்டேன். நாள் முழுவதும் ஆட்டக்காரர்களையே பார்க்கும் பயிற்சியாளர்கள் பணத்தை வைக்கத் தயாராக இருக்கிறார்கள் என்பது வலுவான செய்தி, அதை எந்தக் கணிப்பாளரும் பயன்படுத்துவார். ஆனால் உங்கள் சந்தாதாரர்கள் அந்த அலபாமா ரசிகர்கள், அந்த ஒஹாயோ ஸ்டேட் ரசிகர்கள். தங்கள் கல்லூரிக்கு வரும் பையனுக்கு நட்சத்திரம் கூடினால் மகிழ்கிறவர்கள் அவர்கள். உங்கள் வருமானமும் உங்கள் மதிப்பெண்ணும் ஒரே வாசல் வழியாக நடமாடும்போது, ஒரு பையன் ஏறியது அவன் ஆட்டத்தாலா, ஆஃபராலா என்பதைப் பிரித்துக் காட்டும் கடமை உங்களுக்குத்தான் முதலில். பெரிய கல்லூரி ஆஃபர் இல்லாத, சிறிய ஊர்ப் பையனுக்கு இது வேறு மாதிரி விழுகிறது. ஆஃபர் இல்லாததால் நட்சத்திரம் இல்லை, நட்சத்திரம் இல்லாததால் அவன் வீடியோவை யாரும் திறப்பதில்லை, திறக்காததால் ஆஃபர் இல்லை.

முன்பெல்லாம் இதை ரசிகர்களின் பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாம். 2021 ஜூலை 1 முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துப் பணம் பெறலாம் என்றானது. டெக்சாஸில் பள்ளி மாணவருக்கு அது அனுமதிக்கப்படவில்லை என்பதால் யூவர்ஸ் கடைசி ஆண்டுப் பள்ளி ஆட்டத்தையே விட்டுவிட்டு ஒஹாயோ ஸ்டேட் போனார். 2023 சேர்க்கையைச் சேர்ந்த ஜேடன் ரஷாடா, ஃப்ளோரிடாவில் சேர்ந்தால் 1 கோடியே 38.5 லட்சம் டாலர் என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள் என 2024 மே மாதம் வழக்குத் தொடுத்தார். ஆட்டக்காரர்கள் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் மீது தொடுத்த ஹவுஸ் வழக்கு 2025-இல் தீர்ந்த பிறகு, கல்லூரிகளே முதல் ஆண்டில் 2.05 கோடி டாலர் வரை ஆட்டக்காரர்களுக்குப் பகிரலாம் என்றானது. உங்களில் ஒருவர் பையனின் மதிப்பெண்ணோடு அவனுடைய சந்தை மதிப்பையும் டாலரில் போடுகிறீர்கள். இனி உங்கள் எண் ஒரு குடும்பத்தின் பேரம். பேரத்தில் எடைக்கல்லை வைப்பவர் அந்தக் கல்லைச் சோதிக்கக் கொடுக்க வேண்டும்.

சின்ன வயதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், இதில் எனக்குக் கோபம் உண்டு. 2010-இல் டேவிட் சில்ஸ் என்ற டெலவேர் பையனுக்கு வயது 13. ஏழாம் வகுப்பு. குவார்ட்டர்பேக்காக யுஎஸ்சி அவனுக்கு இடம் தருவதாகச் சொல்ல, அவனும் சரி என்றான், நாடே பேசியது. அந்தப் பையன் கடைசியில் யுஎஸ்சி போகவில்லை. வெஸ்ட் வர்ஜீனியாவில் பந்து பிடிக்கும் ரிசீவராக மாறி, 2017 பருவத்தில் 18 டச்டவுன் (எதிரணியின் எல்லைக் கோட்டுக்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பது) பிடித்தார். தானே தேடித் தன் இடத்தைக் கண்டுகொண்டார், மகிழ்ச்சி. ஆனால் பதின்மூன்று வயதில் அவர் மீது எழுதப்பட்ட விலை எதையும் கணிக்கவில்லை. என் வகுப்பில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். கோடை விடுமுறையில் நான்கு அங்குலம் வளர்ந்து வருகிறவனும் உண்டு, இடுப்பு வலியோடு ஆட்டத்தையே விட்டுவிடுகிறவனும் உண்டு. அந்த வயதில் வரிசை எண் கொடுப்பது கணிப்பு அல்ல. அது ஒரு பிள்ளையின் கழுத்தில் பலகை மாட்டுவது.

நீங்கள் எதுவும் காட்டுவதில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. உச்சியில் உள்ள சில நூறு பேருக்கு மதிப்பீட்டாளர் பெயரோடு குறிப்பு எழுதுகிறீர்கள். இடுப்பு எப்படித் திரும்புகிறது, முதல் அடி எவ்வளவு விரைவு, தாக்கும்போது தோள் எவ்வளவு தாழ்கிறது என்றெல்லாம் அதில் இருக்கிறது. படித்தால் கற்றுக்கொள்ளலாம். மதிப்பெண் மாறிய தேதிகளையும் சில இடங்களில் வைத்திருக்கிறீர்கள். சில ஆண்டுகள் கழித்து "இந்தச் சேர்க்கையை இப்போது மறுபடி வரிசைப்படுத்தினால்" என்று கட்டுரையும் எழுதுகிறீர்கள். ஆனால் அது முடிவு தெரிந்த பிறகு பெயர்களை மாற்றி அடுக்குவது. முதலில் போட்டபோது எதைத் தவறாகப் பார்த்தோம், எதைப் பார்க்கவே இல்லை என்ற கணக்கு அதில் இல்லை. 0.85 பெற்ற பையனுக்கோ ஒரு வரிகூட இல்லை, அவனைப் போன்றவர்கள்தான் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

ஆகவே நான் கேட்பது இது. எண் போடும் ஒவ்வொரு பையனின் பக்கத்திலும், அவன் எத்தனையாவது இடத்தில் இருந்தாலும், யார் மதிப்பிட்டார், நேரிலா வீடியோவிலா, எத்தனை ஆட்டம், உயரமும் எடையும் வேகமும் எங்கிருந்து வந்தன என்பதை எழுதுங்கள். எண் மாறும்போது காரணத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். ஆஃபரால் மாறியது என்றால் ஆஃபரால் மாறியது என்றே சொல்லுங்கள், யாரும் உங்களைக் குறைவாக நினைக்கமாட்டார்கள். நட்சத்திரம் எதைக் கணிக்கிறது என்பதையும் ஒருவழியாக முடிவு செய்யுங்கள். 247ஸ்போர்ட்ஸ் டிராஃப்டின் முதல் சுற்றை மனத்தில் வைத்து ஏறக்குறைய 32 பேருக்கு ஐந்து நட்சத்திரம் தருகிறது. பக்கத்தைத் திறக்கும் தாய் தகப்பனோ அதைக் கல்லூரி இடத்துக்கான வாய்ப்பு என்று படிக்கிறார்கள். கல்லூரியில் பெரிய ஆட்டக்காரராக இருப்பதும் என்எஃப்எல்லில் எடுபடுவதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் இரண்டு எண் போட்டால் என்ன?

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டுக்கு ஒரு முறை கணக்கைத் திறந்து வையுங்கள். கல்லூரிக் காலம் முடிந்துவிட்ட ஒரு சேர்க்கையை எடுத்து, பெயர் பெயராக அல்ல, நிலை நிலையாக, மாநிலம் மாநிலமாகச் சொல்லுங்கள்: நான்கு நட்சத்திரம் போட்ட தாக்குதல் வரிசை ஆட்டக்காரர்களில் எத்தனை பேர் முழுநேர ஆட்டக்காரரானார்கள், நேரில் பார்த்தவர்களில் கணிப்பு எவ்வளவு பலித்தது, வீடியோவில் மட்டும் பார்த்தவர்களில் எவ்வளவு, சிறிய ஊர்களில் எத்தனை பேரைத் தவறவிட்டோம் என்று. கல்லூரி மாற விரும்புபவர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018 அக்டோபரில் வந்த பிறகு ஆட்டக்காரர்கள் கல்லூரி மாறி மாறிப் போவதால் இந்தக் கணக்குக் கடினமாகிவிட்டது என்பீர்கள். மாறிப் போகிறவர்களுக்கு நீங்கள் புது மதிப்பெண் போடுகிறீர்கள் அல்லவா? பழைய மதிப்பெண்ணையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பாதிக் கணக்கு முடிந்துவிடும். தரவு உங்களிடம்தான் இருக்கிறது. வெளியே இருக்கும் ஆய்வாளர்களும் ரசிகர்களும் துண்டு துண்டாகச் சேர்த்து இதைச் செய்கிறார்கள், முழுத் தரவும் உள்ள நீங்கள் செய்தால்தான் அதற்கு எடை.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எண்ணும் நட்சத்திரமும் கொடுப்பதை மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள். அவர்களைப் பற்றி எழுதலாம், ஆட்டத்தைப் பாராட்டலாம், பத்தாம் வகுப்பு முடியும்வரை வரிசை வேண்டாம். இதற்கு ஆய்வும் வேண்டாம், குழுவும் வேண்டாம், மூன்று நிறுவனங்களும் ஒரே நாளில் முடிவெடுத்தால் போதும். ஒருவர் மட்டும் நிறுத்தினால் மற்றவர் பக்கம் சந்தா போய்விடும் என்ற அச்சம் எனக்குப் புரிகிறது. அதனால்தான் மூவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

உங்கள் பதிலைப் பெற்றோர் கூட்டத்தில் வாசித்துக் காட்ட விரும்புகிறேன். என் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் பையன்கள் சிலருக்கு அடுத்த புதுப்பிப்பில் முதல் எண் வரலாம் என்று பயிற்சியாளர் சொல்கிறார். அந்த எண்ணோடு, அதை யார் போட்டார், எதைப் பார்த்துப் போட்டார் என்ற இரண்டு வரியும் சேர்ந்து வரும்படி செய்யுங்கள்.

இப்படிக்கு,
டெக்சாஸிலிருந்து ஒரு கணித ஆசிரியை